2015-இல் வாங்கிய சிஸ்டத்தைச் சீரமைக்க 4,590 ரூபாய்: ஆறு மாதம் ஓட்டிப் பார்த்த பிறகு எழுதுகிறேன்

2025 ஆனி மாதம் வரைக்கும் என் காலை இந்த வரிசையில்தான் நடக்கும். ஒன்பதரைக்கு ஷட்டரைத் தூக்குவேன், முதல் வேலையாக சிஸ்டத்தை ஆன் செய்வேன், அப்புறம் வாசல் தெளித்து, சாமி படத்துக்குப் பூ வைத்து, எதிர்க் கடையில் டீ சொல்லி, டீ வந்து, குடித்து, கிளாஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாலும் மவுஸ் அம்புக்குப் பக்கத்தில் அந்த நீல வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். பத்திரிகை வடிவமைக்கிற பேஜ்மேக்கர் மென்பொருள் திறக்க அதற்கு மேலும் ஒரு நிமிடம். ப்ரூஃப் பார்க்க வந்த பெண் வீட்டுக்காரர் ஒருவர், "ஏம்மா, உன் மெஷினுக்கு இன்னும் பொழுது விடியலையா?" என்று கேட்டேவிட்டார். சிரித்துச் சமாளித்தேன். ஆனால் அது உறுத்திக்கொண்டே இருந்தது.

செங்கல்பட்டில் சின்னதாக ஒரு டிடிபி கடை (கம்ப்யூட்டரில் அச்சுக்கு வடிவமைத்துக் கொடுக்கிற கடை) வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு விழா அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி, பில் புக், கோயில் கும்பாபிஷேக நோட்டீஸ், இதுதான் பிழைப்பு. சிஸ்டம் 2015 தை மாதம் சென்னை ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்தது. இன்டெல் ஐ3 4160 பிராசஸர், எச்81 சிப்செட் மதர்போர்டு, 4 ஜிபி டிடிஆர்3 ரேம், 1 டிபி ஹார்டுடிஸ்க். பத்து வருடத்தில் கீபோர்டு மூன்று, உள்ளே மின்சாரம் தருகிற எஸ்எம்பிஎஸ் ஒன்று மாற்றியிருக்கிறேன், மவுஸுக்குக் கணக்கே இல்லை.

இங்கே உள்ளூர் டீலரிடம் போனேன். அவர் கேபினட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "மேடம், இது 4-வது ஜெனரேஷன். இதுல போடுற காசு ஆத்துல கொட்டுற மாதிரி. புதுசு எடுத்துடுங்க" என்று ஒரு கொட்டேஷன் எழுதிக் கொடுத்தார். 12-வது தலைமுறை ஐ3, 8 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி (ஹார்டுடிஸ்குக்குப் பதிலாக வரும் வேகமான சேமிப்புச் சாமான்), ஜிஎஸ்டி சேர்த்து 32,000 ரூபாய், மானிட்டர் தனி. அவரைக் குறை சொல்ல மாட்டேன், புது சிஸ்டம் விற்பது அவர் தொழில். ஆனால் அந்தத் தொகை எனக்கு இரண்டு மாத முகூர்த்த வருமானம்.

அன்றைக்கு ராத்திரி கடையை மூடாமல் ஒரு காரியம் செய்தேன். பழசைச் சரிசெய்வதா, புதுசு வாங்குவதா என்ற கேள்வியோடு இருப்பவர்கள் யாராக இருந்தாலும் காசை எடுப்பதற்கு முன்னால் இதைச் செய்து பாருங்கள், பைசா செலவில்லை. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். சிஸ்டம் திணறுகிற நேரத்தில், ஆன் செய்த உடனேயோ, பெரிய ஃபைல் திறக்கும்போதோ, அதில் சிபியு (பிராசஸர்), மெமரி (ரேம்), டிஸ்க் மூன்றில் எது 100 சதவீதத்தில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். என்னுடையதில் சிபியு 12, மெமரி 83, டிஸ்க் 100. ஐந்து நிமிடமாக அந்த டிஸ்க் 100-இலிருந்து இறங்கவே இல்லை. அதாவது பிராசஸர் சும்மா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, ஹார்டுடிஸ்க் எடுத்துக் கொடுக்கிற வேகத்துக்காக. டீலர் "பழசு" என்று தள்ளிய பிராசஸருக்கும் இந்த மந்தத்துக்கும் சம்பந்தமே இல்லை.

ஹார்டுடிஸ்க் என்பது உள்ளே தட்டு சுற்றுகிற சாமான். என்னுடையது நிமிடத்துக்கு 7,200 சுற்று. ஒரே பெரிய ஃபைலை வரிசையாகப் படிக்கச் சொன்னால் நன்றாகவே படிக்கும். ஆனால் விண்டோஸ் ஆன் ஆகும்போது ஆயிரக்கணக்கான குட்டிக் குட்டி ஃபைல்களை அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்கும், ஒவ்வொன்றுக்கும் தட்டைப் படிக்கிற முள் நகர்ந்து போக வேண்டும். அப்போது அதன் வேகம் நொடிக்கு 1 எம்பி அளவுக்கு விழுந்துவிடும். எஸ்எஸ்டியில் முள்ளும் இல்லை, தட்டும் இல்லை, தேடிப் போகிற வேலையே இல்லை.

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்று ஒரு இலவச மென்பொருள், டிஸ்கின் உடல்நிலையைச் சொல்லும். அதைப் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. நீலமாக "குட்" என்று வர வேண்டிய இடத்தில் மஞ்சளாக "காஷன்". ஹார்டுடிஸ்கில் கெட்டுப்போன இடங்களை அது ஒதுக்கி வைத்துவிட்டு மாற்று இடங்களைப் பயன்படுத்தத் தொடங்கியிருக்கிறது என்று அர்த்தம். மெதுவாக ஓடுவது பற்றி மட்டும் யோசித்துக்கொண்டிருந்தேன், இங்கே பத்து வருட வேலையே நூலில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

அப்படியானால் டீலர் சொன்னபடி புதுசே வாங்கியிருக்கலாமே என்றால், டிடிபி கடைக்காரர்களுக்கு மட்டும் புரிகிற ஒரு சிக்கல் இருக்கிறது. பேஜ்மேக்கர் 7.0 வெளிவந்தது 2001-இல். அடோபி அதற்கப்புறம் அடுத்த பதிப்பே கொண்டுவரவில்லை. ஆனாலும் நம்ம ஊர் பிரஸ்காரர்களில் பாதிப் பேர் இன்றைக்கும் அதில்தான் வேலை செய்கிறார்கள், என் ஃபைல்கள் அத்தனையும் அதில்தான் இருக்கின்றன. அடோபியின் அடுத்த மென்பொருளான இன்டிசைனுக்கு மாறலாம் என்றால், பேஜ்மேக்கர் ஃபைலைத் திறக்கிற வசதி சிஎஸ்6 பதிப்போடு நின்றுபோனது. எழுத்துருக்களோ வானவில் என்ற பழைய தமிழ் மென்பொருள் காலத்தவை, எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு கிடையாது. 2010-லேயே அரசு யூனிகோடுக்கு மாறச் சொல்லி ஆணை போட்டுவிட்டது, அது அரசு அலுவலகத்துக்கு. கல்யாணப் பத்திரிகைக்கு யார் ஆணை போடுவது? புது சிஸ்டத்தில் இதையெல்லாம் மறுபடி நிறுவி, பிரிண்டரோடு ஒத்துப்போக வைத்து, டிரேசிங் ஷீட்டில் எழுத்து சரியாக விழுகிறதா என்று பார்த்து முடிக்க ஒரு வாரம் போய்விடும். கடையில் இருக்கும் லேசர்ஜெட் 1020 பிரிண்டரும் இந்த சிஸ்டமும் ஒன்றையொன்று நன்றாகப் புரிந்துவைத்திருக்கின்றன, அதைக் கலைக்க எனக்கு மனசில்லை.

ஆடி பிறந்தது. ஆடியில் கல்யாணம் கிடையாது, அதனால் எங்களுக்கும் வேலை கிடையாது. கூழ் ஊற்றும் நோட்டீஸ் நாலைந்து வரும், அவ்வளவுதான். ஹார்டுடிஸ்குக்குப் பதில் எஸ்எஸ்டியும், கூடவே ரேமும் வாங்க ஒரு செவ்வாய்க்கிழமை ரயிலைப் பிடித்து பார்க் ஸ்டேஷனில் இறங்கி, ஆட்டோவில் ரிச்சி தெரு. (ஞாயிறு போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.)

மௌண்ட் ரோட்டிலிருந்து உள்ளே நுழைந்தால் முதலில் கூவுகிறவர்கள் இருப்பார்கள். "அக்கா என்ன வேணும், லேப்டாப்பா, சிசிடிவியா, அடாப்டரா?" நேராக நடந்துவிட வேண்டும். பில் போட்டுக் கொடுக்கிற ஒரு கடையில் நான் குரூஷியல் பிஎக்ஸ்500 எஸ்எஸ்டி, 500 ஜிபி வாங்கினேன். 3,250 ரூபாய், மூன்று வருட வாரண்டி. அதே கடையில் ஐந்து வருட வாரண்டி உள்ள சாம்சங் 870 ஈவோவும் இருந்தது, விலை கணிசமாக அதிகம். என் வேலைக்கு இதுவே போதும் என்று தோன்றியது. கடைப் பையன் என் மதர்போர்டு என்னவென்று கேட்டுவிட்டு, "அக்கா, இதுல என்விஎம்இ போடாதீங்க, கன்வெர்ட்டர் வாங்கிப் போட்டாலும் இந்த போர்டுல பூட் ஆகுறது கஷ்டம். சாட்டாவே எடுத்துக்கோங்க" என்றான். (என்விஎம்இ என்பது எஸ்எஸ்டியில் புது வகை, சாட்டா ஹார்டுடிஸ்க் மாதிரியே கேபிளில் மாட்டுகிற வகை.) அதிக விலை சாமானைத் தலையில் கட்டாமல் விட்டானே என்று அந்தக் கடை மேல் ஒரு மரியாதை வந்தது.

இன்னொரு கடையில், "பழைய ஐ5 4570 இருக்கு, 1,500 ரூபா, உங்க போர்டுலயே உட்காரும்" என்றார்கள். உட்காரும்தான், அதே 1150 சாக்கெட். ஆனால் டாஸ்க் மேனேஜரில் 12 சதவீதம் காட்டிய பிராசஸரை எதற்கு மாற்ற? போதாததற்கு ஐ3 4160 இழுப்பது 54 வாட் அளவு, ஐ5 4570 இழுப்பது 84 வாட், பத்து வருடப் பழைய ஃபேன் அந்தச் சூட்டைத் தாங்குமா என்பது வேறு கவலை. வேண்டாம் என்றேன்.

எஸ்எஸ்டியைப் பொருத்தியது நானேதான். கையில் எடுத்தால் சீட்டுக்கட்டை விட இலேசு, இதற்குள்ளா 500 ஜிபி என்று இருக்கும். பழைய கேபினட்டில் இரண்டரை அங்குலச் சாமானுக்கு இடம் கிடையாது, 80 ரூபாய்க்கு ஒரு பிராக்கெட் வாங்கி அதில் வைத்துத் திருகினேன். ஆடுகிற பாகம் எதுவும் உள்ளே இல்லை என்பதால் டபுள் டேப் போட்டு ஒட்டினால்கூடப் போதும் என்று சொல்கிறார்கள், எனக்கு மனசு கேட்கவில்லை. விண்டோஸைப் புதிதாகப் போடாமல் பழைய சி டிரைவை அப்படியே நகல் எடுத்தேன். அதற்கான அக்ரோனிஸ் மென்பொருளை குரூஷியல் இலவசமாகவே தந்தது. மஞ்சள் காட்டிய டிஸ்கிலிருந்து நகல் எடுப்பது கொஞ்சம் திக் திக்தான், இரண்டே கால் மணி நேரம் ஆனது, நடுவில் மின்சாரம் போகாமல் இருக்க வேண்டுமே என்று யூபிஎஸ்ஸைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நகல் முடிந்ததும் பழைய டிஸ்கின் கேபிளைக் கழற்றிவிட்டு, எஸ்எஸ்டியை மட்டும் வைத்து ஒருமுறை ஆன் செய்ய வேண்டும். இரண்டும் மாட்டியிருந்தால் எதிலிருந்து பூட் ஆகிறது என்றே தெரியாமல் குழம்புவோம்.

ஆன் ஆனது. வேகமாகத்தான் இருந்தது, ஆனால் வாயைப் பிளக்கிற அளவுக்கு இல்லை. வேகத்தை அளக்கிற கிரிஸ்டல்டிஸ்க்மார்க் போட்டால் படிக்கும் வேகம் நொடிக்கு 270 எம்பி சொச்சம். 500-க்கு மேல் வர வேண்டிய சாமான். ஏமாற்றிவிட்டார்களா என்று அரை மணி நேரம் மனசுக்குள் அந்தக் கடைப் பையனைத் திட்டித் தீர்த்தேன். பாவம், தப்பு என்னுடையது. எச்81 போர்டுகளில் நாலு சாட்டா போர்ட் இருக்கும். இரண்டு 6 ஜிகாபிட் வேகம், மற்ற இரண்டு 3 ஜிகாபிட். என் போர்டில் ஒவ்வொன்றின் பக்கத்திலும் பொடி எழுத்தில் சாட்டா6ஜி, சாட்டா3ஜி என்று அச்சடித்திருக்கிறது, டார்ச் அடித்துப் பார்த்தால்தான் தெரியும். நான் கைக்கு எட்டிய 3ஜியில் சொருகியிருக்கிறேன். மாற்றிச் சொருகியதும் 530. அதே கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் டிரான்ஸ்ஃபர் மோட் என்று ஒரு வரி இருக்கும், அதில் சாட்டா/600 | சாட்டா/600 என்று இரண்டு பக்கமும் வந்தால் சரியான இடத்தில் மாட்டியிருக்கிறோம். எனக்கு சாட்டா/300 | சாட்டா/600 என்று வந்திருக்கிறது, அதைக் கவனிக்கவில்லை. வெளியே சர்வீஸுக்குக் கொடுத்து மாட்டியவர்கள் வீட்டுக்கு வந்து இந்த ஒரு வரியைப் பார்த்துவிடுங்கள்.

இப்போது ஆன் செய்ததிலிருந்து பேஜ்மேக்கர் திறந்து வேலைக்குத் தயாராவது வரை 40 நொடி. முன்பு சுமார் ஆறு நிமிடம்.

ரேம் கதை இவ்வளவு சுகமாக இல்லை. 4 ஜிபி போதாது, போட்டோஷாப்பும் குரோமும் சேர்ந்து திறந்தால் நிறைந்துவிடும். டிடிஆர்3 இப்போது புதிதாகக் கிடைப்பது அரிது, நரசிங்கபுரம் தெருப் பக்கம் பழைய ரேம் விற்கிற கடை ஒன்றில் 8 ஜிபி 700 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். மற்ற இடங்களில் ஆயிரத்துக்கு மேல் சொன்னதை இவர்கள் 700-க்குத் தந்தபோதே நான் யோசித்திருக்க வேண்டும். கடைக்கு வந்து மாட்டினால் டிஸ்பிளேயே வரவில்லை. ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, ஸ்கிரீன் கறுப்பு. ரேமின் தங்கப் பற்களை ரப்பர் வைத்துத் தேய்த்தேன், ஸ்லாட் மாற்றினேன், பழைய ரேமைக் கழற்றிவிட்டு இதை மட்டும் போட்டேன். ம்ஹூம்.

பக்கத்தில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கும் தம்பி வந்து, கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அக்கா, இது ஏஎம்டி ரேம். இன்டெல் போர்டுல வேலை செய்யாது." ரேமில் இப்படி ஒரு ஜாதி இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஏஎம்டி போர்டுகளில் மட்டும் ஓடுகிற மாதிரி உள்ளமைப்பு வேறாக இருக்கும் டிடிஆர்3 8 ஜிபி ரேம்கள் மலிவு விலைக்கு நிறையச் சுற்றுகின்றன, இன்டெல் போர்டுகள் பெரும்பாலும் அவற்றை ஏற்பதில்லை. விற்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். நான் "எச்81 போர்டு" என்று தெளிவாகச் சொல்லித்தான் வாங்கினேன்.

மறுபடி ரயில், மறுபடி ஆட்டோ. கடைக்காரர் முதலில், "பழைய சாமானுக்கு ரிட்டர்ன் இல்லக்கா" என்றார். பில்லும் இல்லை, என் மேலும் தப்பு. நான் நகரவில்லை, கடை வாசலிலேயே நின்றேன், அடுத்த வாடிக்கையாளர் ரேம் கேட்டு வந்தபோது அவரிடம், "எந்த போர்டுங்க உங்களுது? இன்டெல்லா?" என்று சாதாரணமாகத்தான் விசாரித்தேன். உடனே உள்ளே கூப்பிட்டு மாற்றிக் கொடுத்தார், 350 ரூபாய் கூட வாங்கிக்கொண்டு. இந்தத் தடவை, "இங்கேயே ஒரு இன்டெல் போர்டில் மாட்டிக் காட்டுங்கள்" என்று சொல்லி, ஸ்கிரீனில் 8192 எம்பி என்று கண்ணால் பார்த்த பிறகுதான் கிளம்பினேன். அந்தக் கடைக்கு நான் மறுபடி போக மாட்டேன். பழைய ரேம் என்ற பொருளை மட்டும் குறை சொல்ல மாட்டேன், ஆறு மாதமாக ஒரு பிரச்சினையும் இல்லை.

இந்தச் செலவோடு சில்லறையாகச் செய்த ஒரு காரியம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கொஞ்ச நாளாகவே மின்சாரம் போய் வந்தால் சிஸ்டத்தின் தேதி 2014-க்குப் போய்விடும், தேதி தப்பாக இருப்பதால் பேங்க் வெப்சைட், மெயில் எதுவும் "பாதுகாப்பற்றது" என்று திறக்காது, நான் ஏதோ வைரஸ் என்று பயந்துகொண்டிருந்தேன். மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் மாதிரி வட்டமாக இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துபோனதுதான் காரணம். 30 ரூபாய். அதையும், பிராசஸர் மேல் காய்ந்து சுண்ணாம்பாகிப் போயிருந்த, சூட்டைக் கடத்துகிற பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதுசு பூச 120 ரூபாயும், ஒரு சாட்டா கேபிள் 60 ரூபாயும், எஸ்எஸ்டி, பிராக்கெட், ரேம் செலவோடு சேர்த்து மொத்தம் 4,590 ரூபாய். ரயில், ஆட்டோ தனி.

ஆறு மாதத்தில் பார்த்ததைச் சொல்கிறேன். ஆவணி, ஐப்பசி, தை என்று முகூர்த்தக் காலங்களில் ராத்திரி பத்து மணி வரை ஓடியிருக்கிறது, ஒரு தடவைகூட உறையவில்லை. எஸ்எஸ்டியின் உடல்நிலை 99 சதவீதம் காட்டுகிறது. குறை இல்லாமல் இல்லை. பிஎக்ஸ்500-இல் வேகத்துக்கு உதவும் தற்காலிக நினைவான தனி டிராம் சில்லு கிடையாது, அதனால்தான் விலை குறைவு. ஒரு போட்டோகிராஃபர் 60 ஜிபி கல்யாணப் படங்களை ஒரே மூச்சாகக் காப்பி செய்யக் கொடுத்தபோது முதலில் பறந்துவிட்டு, பாதிக்கு மேல் பழைய ஹார்டுடிஸ்க் வேகத்துக்கே இறங்கிவிட்டது. தினமும் அப்படிப்பட்ட வேலை செய்கிறவர்கள் 870 ஈவோ மாதிரி ஒன்றுக்குக் கூடக் கொடுப்பதே மேல். அப்புறம், எஸ்எஸ்டி போட்டால் எல்லாமே வேகமாகிவிடும் என்று நினைக்காதீர்கள். பிளெக்ஸ் பேனருக்குப் பெரிய சைஸில் போட்டோஷாப் ஃபில்டர் போட்டால் இன்றைக்கும் அதே காத்திருப்புதான், அது பிராசஸர் வேலை, இரண்டு கோர் பிராசஸர் இரண்டு கோராகத்தான் இருக்கும். என் வருமானம் பேனரில் இருந்திருந்தால் டீலர் சொன்னதுதான் சரி.

விண்டோஸ் விஷயம்தான் இந்தக் கணக்கில் நிஜமான முட்டுக்கட்டை. விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. 11-க்குப் போக இன்டெல்லில் 8-வது தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வசதி வேண்டும். என்னுடையதில் இரண்டும் இல்லை. குறுக்கு வழியில் போட்டுத் தருகிறேன் என்று சொல்கிறவர்கள் தெருவுக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள், ஓடவும் ஓடும், ஆனால் அப்படிப்பட்ட கணினிகளுக்கு அப்டேட் வரும் என்று உறுதி இல்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்லிவிட்டது. பிழைப்பு நடத்துகிற மெஷினில் அந்த விளையாட்டு வேண்டாம் என்று நான் விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்டின் நீட்டிப்புத் திட்டத்தில் பதிவு செய்துகொண்டேன். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே அதற்கான இணைப்பு வரும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து, செட்டிங்ஸை அதோடு ஒத்திசைத்தால் காசு கேட்கவில்லை. 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். ஆக, நான் 4,590 ரூபாய்க்கு வாங்கியது பதினான்கு மாதம். மாதத்துக்குச் சுமார் 330 ரூபாய். அதில் எஸ்எஸ்டி அடுத்த சிஸ்டத்துக்கும் என்னோடு வரும், டிடிஆர்3 ரேம் வராது, புதிய போர்டு எதிலும் அது உட்காராது. ரேமில் அதிகம் போடாமல் பழசு வாங்கியதற்கு அதுதான் காரணம்.

என் அக்கா மகளுடையது நேர் எதிர்க் கதை. "சித்தி, உன்னுது மாதிரியே என் லேப்டாப்பையும் பண்ணிக் கொடு" என்று கொண்டுவந்தாள். 2019-இல் வாங்கியது, என் சிஸ்டத்தை விட நாலு வயது இளையது. செலரான் என்4000, 4 ஜிபி ரேம், 64 ஜிபி இஎம்எம்சி ஸ்டோரேஜ். அடி மூடியைத் திறந்து பார்த்தால் திருகுவதற்கு ஒன்றுமே இல்லை. ரேம், ஸ்டோரேஜ் இரண்டும் போர்டிலேயே பற்றவைத்தது. 64 ஜிபியில் விண்டோஸும் அப்டேட்டுகளும் போக ஒரு வீடியோ பாடம் இறக்க இடமில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த என்4000 விண்டோஸ் 11 பட்டியலில் இருக்கிறது! பறக்கிற என் ஐ3-க்கு அனுமதி இல்லை, எழுந்து நடக்கவே மூச்சு வாங்குகிற அதற்கு அனுமதி உண்டு. பட்டியலை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் இப்படித்தான் ஆகும்.

அதில் பத்து பைசா போடாதே என்று சொல்லிவிட்டேன். இன்ஜினியரிங் இரண்டாம் வருடம், கோடிங் எழுத வேண்டும். ரீஃபர்பிஷ்டு லெனோவோ திங்க்பேட் டி480 ஒன்று, 8-வது தலைமுறை ஐ5, 19,000 ரூபாய்க்கு எடுத்துக் கொடுத்தோம். இரண்டு ரேம் ஸ்லாட், பின்னால் கழற்றி மாட்டுகிற பேட்டரி, விண்டோஸ் 11-க்கும் தகுதி. கனமாக இருக்கிறது, ஸ்கிரீன் கொஞ்சம் மங்கல் என்று முகம் சுளித்தாள். கீபோர்டில் நான் பத்து நிமிடம் டைப் செய்து பார்த்தேன், திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை.

இப்போது இதைப் படித்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் என் விலைகளை நம்பிப் போகாதீர்கள். நான் வாங்கியது ஆடியில். ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சில்லுகளை அள்ளிக்கொண்டு போக ஆரம்பித்ததில் 2025 கடைசியில் ரேம் விலை தாறுமாறாக ஏறிவிட்டது, எஸ்எஸ்டியும் பின்னாலேயே ஏறியது. குரூஷியல் பிராண்டை வைத்திருக்கும் மைக்ரான் நிறுவனம், கடைகளில் நமக்கு விற்கும் இந்த வியாபாரத்தை விட்டே விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. விற்ற சாமானுக்கு வாரண்டி தொடரும் என்று சொல்லியிருக்கிறார்கள், பில்லை லேமினேஷன் போட்டு வைத்திருக்கிறேன். (வெயிலில் வைத்தால் பில் மை மறைந்துவிடும், ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள்.) தை மாதம் அதே டீலரிடம் அதே கொட்டேஷனைக் கேட்டேன், 39,000 என்றார்.

அக்டோபர் வந்தால் இந்த சிஸ்டத்தின் இன்டர்நெட் கேபிளைக் கழற்றிவிட்டு பேஜ்மேக்கருக்கு மட்டும் வைத்துக்கொள்வதாக உத்தேசம். மெயிலுக்கும் வாட்ஸ்அப்புக்கும் 8-வது தலைமுறை மினி பிசி ஒன்று பழசில் பார்க்க வேண்டும், ஆவணி முகூர்த்தம் முடிந்து கையில் காசு வரட்டும்.

அந்த மஞ்சள் ஹார்டுடிஸ்க்கைக் கழற்றி எறியாமல் டி டிரைவாக உள்ளேயே விட்டுவைத்திருந்தேன். முக்கியமானதையெல்லாம் எஸ்எஸ்டிக்கும் ஒரு வெளி டிஸ்குக்கும் மாற்றிவிட்டோம், கிடக்கட்டும் என்று. மார்கழியில் ஒரு நாள் மத்தியானம் கேபினட்டுக்குள்ளிருந்து டிக், டிக் என்று பல்லி கத்துகிற மாதிரி ஒரு சத்தம். கால் மணி நேரம் கத்திவிட்டு டி டிரைவ் மறைந்துபோனது. நவம்பருக்கு அப்புறம் சோம்பேறித்தனத்தில் அதிலேயே சேமித்து வைத்த மூன்று பத்திரிகை ப்ரூஃப் அதோடு போனது, மூன்றையும் ராத்திரி உட்கார்ந்து மறுபடி அடித்தேன். 2015-இலிருந்து சேர்த்த மற்ற மேட்டர் எல்லாம் பத்திரமாக இருக்கிறது.